ஆயுத பூஜைக்கு ஆயில் மாற்றுவது சரியா?

ஆயுத பூஜை நெருங்கினால் சங்கரன்கோவில் கடைகளில் எஞ்சின் ஆயில் டப்பாவுக்குத் தனி மவுசு வந்துவிடும். மேலநீலிதநல்லூர் ஒன்றியத்துக் கிராமங்களில் டிராக்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றிப் பூஜை போடுவது வழக்கமாகிவிட்டது. பூஜை போடுவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆயில் மாற்றுவதற்கு நம் பகுதியில் அது பொருத்தமான காலம் அல்ல என்பது என் கருத்து. எந்த ஆயிலை ஊற்றுவது என்பதிலும் நம் விவசாயிகளில் பலர் விலையைப் பார்த்தோ, கடைக்காரர் சொல்லைக் கேட்டோதான் முடிவு செய்கிறார்கள். இந்த இரண்டையும் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி என்று புரட்டாசிப் பட்டத்தை நம்பி விதைக்கிறோம். கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் பூச்செடி, எலுமிச்சை, கொஞ்சம் நெல் என்று வைத்திருக்கிறார்கள். உழவு மாட்டு ஜோடிகள் குறைந்துபோன பிறகு, மூன்று நான்கு ஏக்கர் வைத்திருப்பவர்களும் 15 குதிரைசக்தி முதல் 28 குதிரைசக்தி வரையுள்ள சின்ன டிராக்டர்களை வாங்கத் தொடங்கினார்கள். பருத்தி வரிசைக்குள்ளும் எலுமிச்சைத் தோட்டத்திலும் பெரிய டிராக்டர் நுழையாது, இது நுழையும். மானியம் போக மீதிக்கு வங்கிக் கடன். அந்தக் கடன் அடையும் முன்பே எஞ்சினைப் பிரித்து லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் என்று மாற்ற நேர்ந்தால், அந்த வருடத்து உளுந்து விற்ற பணம் பட்டறையிலேயே தீர்ந்துவிடும். அந்தச் செலவைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் ஆயில்தான்.

ஆயில் விஷயத்தில் நமக்குள்ள பழக்கங்கள் டிராக்டரிலிருந்து வந்தவை அல்ல. அவை கிணற்று மேட்டு ஆயில் எஞ்சினிலிருந்து வந்தவை. அப்பா காலத்தில் கமலையை விட்டுவிட்டு எஞ்சின் வைத்தார்கள். அதற்கு 30 நம்பர் அல்லது 40 நம்பர் ஆயிலை டிரம்மிலிருந்து அளந்து சில்லறையாக வாங்கி வந்து ஊற்றினார்கள். குறைந்தால் மேலும் ஊற்றினார்கள். எஞ்சினும் ஓடியது. “முப்பது வருடம் ஓடிற்றே, அதற்கு என்ன பெரிய ஆயிலா ஊற்றினோம்?” என்று இன்றும் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பழைய மெதுவோட்ட எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். பின்னால் வந்த பம்புசெட் எஞ்சின்கள் 1,500 சுற்று. இன்றைய சின்ன டிராக்டர் 2,000 சுற்றுக்கு மேல், சிலவற்றில் 2,600 வரை சுற்றுகிறது. உருவமும் சிறிது, சம்பும் சிறிது. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து லிட்டருக்குள் அடங்கிவிடும். அந்தக் கொஞ்ச ஆயில்தான் சூட்டையும் கரியையும் தூசியையும் தாங்கியாக வேண்டும். கிணற்று மேட்டில் நிழலில் நின்று ஒரே வேகத்தில் ஓடிய எஞ்சினின் வழக்கத்தை, புழுதிக்குள் ஏறி இறங்கி உழுகிற எஞ்சினுக்கு வைத்துக்கொள்வது பொருந்தாது.

இனி எந்த ஆயில் என்ற கேள்விக்கு வருவோம். கடையில் நடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

“அண்ணாச்சி, புத்தகத்தில 15டபிள்யூ-40ன்னு போட்டிருக்கு. இருக்கா?”

“அது தண்ணி மாதிரி இருக்கும் அண்ணாச்சி. நம்ம ஊரு வெயிலுக்கு நிக்காது. 20டபிள்யூ-50 கொண்டு போங்க, கெட்டியா நிக்கும்.”

வாங்கி வருபவரும் விரலில் தொட்டுப் பார்த்து, கெட்டியாக இருப்பதால் திருப்தி அடைகிறார். இங்குதான் முதல் தவறு.

டப்பாவில் உள்ள இந்த எண்கள் தரத்தைக் குறிப்பவை அல்ல. கனத்தை மட்டும் குறிப்பவை. டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எப்படி இளகும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடேறிய பிறகு, அதாவது 100 டிகிரியில், எவ்வளவு கனமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. 15டபிள்யூ என்பதைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரிலும், 20டபிள்யூ என்பதைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். நமக்கு மார்கழிப் பனியில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இறங்கும். ஆகவே அந்த முன் எண்ணைப் பற்றி நாம் சண்டையிட வேண்டியதில்லை. பின் எண்தான் வெயிலுக்கு உரியது. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, வெறும் 40 ஆகிய மூன்றும் 100 டிகிரி சூட்டில் ஒரே வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கடையில் தொட்டுப் பார்க்கும்போது தண்ணீராகத் தெரிகிற 15டபிள்யூ-40, எஞ்சின் சூட்டில் மற்ற இரண்டைப் போலவே நிற்கும்.

வெளியில் வெயில் 30 டிகிரியோ 40 டிகிரியோ, ரேடியேட்டர் சரியாக இருக்கிற எஞ்சினுக்குள் சூடு அதிகம் மாறுவதில்லை. வெயிலுக்காகக் கெட்டி ஆயில் என்பது இல்லாத நோய்க்கு மருந்து. நோய் இருக்கிற இடம் வேறு. காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் சம்பில் கிடக்கிறது. அது பம்ப் வழியாக ஏறி, பேரிங்குக்கும் மேலே வால்வுக்கும் போய்ச் சேரும் வரை இரும்பும் இரும்பும் உரசுகின்றன. கெட்டி ஆயில் அந்த இடத்துக்குச் சேர அதிக நேரம் எடுக்கும். 50 நம்பர் ஊற்றியவர் தினமும் காலையில் தம் எஞ்சினைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கிறார். டீசலும் சிறிது கூடுதலாகச் செலவாகும். புத்தகத்தில் 50 என்று போட்டிருந்தால் மட்டுமே 50. தேய்ந்து நீலப்புகை விடுகிற பழைய எஞ்சினில் புகையை அடக்க 50 ஊற்றுவது உண்டு. சில மாதங்களுக்கு அது உதவும். பழைய வண்டி விற்பவர்களுக்கும் இந்த வித்தை தெரியும் என்பதை வாங்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணைவிட முக்கியமானது எழுத்து. அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் ஏ.பி.ஐ. என்று போட்டு, அதை அடுத்து இரண்டு ஆங்கில எழுத்தும் பெரும்பாலும் 4 என்ற எண்ணும் இருக்கும். ஏ.பி.ஐ. என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம். சி என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு. சி-க்கு அடுத்த எழுத்து ஆங்கில வரிசையில் பின்னால் போகப் போகத் தரம் உயர்கிறது. சி.எப்.-4 என்பது 1990-ல் வந்தது, சி.எச்.-4 என்பது 1998-ல், சி.ஐ.-4 என்பது 2002-ல். சி.எப்.-4 தரத்தையும் அதற்கு முந்தியவற்றையும் அந்தக் கழகம் காலாவதி என்று ஒதுக்கிவிட்டது. நம் கடைகளில் அவை இன்னும் விற்கின்றன. உங்கள் புத்தகத்தில் சி.எப்.-4 என்று இருந்தால் அதற்குப் பதில் சி.எச்.-4, சி.ஐ.-4 தாராளமாக ஊற்றலாம். சி.ஐ.-4 கேட்கிற எஞ்சினுக்குச் சி.எப்.-4 ஊற்றக் கூடாது. மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சில சின்ன டிராக்டர் புத்தகங்களில் 4 இல்லாமல் வெறும் சி.எப். என்று மட்டும் இருக்கும். அது வேறு, சி.எப்.-4 வேறு. அதுவும் காலாவதியான தரம்தான். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள், இப்போது அதற்குப் பதில் எந்த ஆயில் என்பதை வண்டிக் கம்பெனியின் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச்சொல் வேண்டாம்.

எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பதால் வரும் விபரீதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் ஆயில் டப்பாவிலும் 20டபிள்யூ-40 என்றே போட்டிருக்கும். வீட்டில் மகனின் வண்டிக்கு வாங்கியது ஒரு டப்பா மீதி இருக்கிறது, எண்ணும் ஒன்றாக இருக்கிறது என்று டிராக்டரில் ஊற்றிவிடுகிறார்கள். அது பெட்ரோல் எஞ்சினுக்குச் செய்தது. டீசல் எஞ்சின் உண்டாக்கும் கரியைத் தாங்கும் மருந்து அதில் போதிய அளவு கிடையாது. அவசரத்துக்குக்கூட இதைச் செய்ய வேண்டாம்.

கரி என்றதும் இன்னொரு பழக்கம் நினைவுக்கு வருகிறது. புது ஆயில் ஊற்றிப் பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு, அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, “கறுத்துப் போச்சு, டூப்ளிகேட் ஆயில்” என்று சொல்லாத விவசாயி குறைவு. ஆயில் சீக்கிரம் கறுக்காமல் இருந்தால் நல்ல ஆயில் என்ற எண்ணமும் இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறு.

இதற்குப் பின்னால் டிராக்டர் சம்பந்தமான ஒரு கதையே இருக்கிறது. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் கம்பெனி 1931-ல் டீசல் டிராக்டரை வெளியிட்டது. அந்தக் காலத்து ஆயில் வெறும் சுத்திகரித்த எண்ணெய். வேறு மருந்து எதுவும் சேர்க்காதது. டீசல் எரிந்த கரி பிஸ்டன் ரிங் பள்ளத்தில் படிந்து, ரிங்குகள் அசையாமல் ஒட்டிக்கொண்டன. எஞ்சின் சக்தி இழந்தது, ஆயில் எரிந்தது. கேட்டர்பில்லரும் கலிபோர்னியா எண்ணெய்க் கம்பெனி ஒன்றும் சேர்ந்து 1930-களிலேயே இதற்கு வழி கண்டார்கள். கரியை ஒட்டவிடாமல் கழுவி, தூளாகவே மிதக்கவைக்கும் மருந்தை ஆயிலில் சேர்த்தார்கள். இன்றைய டீசல் ஆயில் அனைத்தும் அந்த வழியில் வந்தவைதான். துணி துவைத்த தண்ணீர் கறுப்பதுபோல் இந்த ஆயில் கறுக்கிறது. கறுத்தால் எஞ்சினைக் கழுவுகிறது என்று பொருள். ரொம்ப நாள் பொன் நிறமாகவே இருக்கிற ஆயில் வேலை செய்யவில்லை. கரி உள்ளே எங்கோ படிந்துகொண்டிருக்கிறது.

ஆகவே நிறத்தைப் பார்த்து ஆயிலை மாற்றாதீர்கள். நிறத்தைப் பார்த்து மாற்றாமலும் இருக்காதீர்கள். கம்பியை உருவும்போது பார்க்க வேண்டியவை வேறு. மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் பெரும்பாலும் டீசல் இறங்குகிறது. முகர்ந்தால் தெரியும், விரலில் தேய்த்தால் பிசுக்கு இருக்காது. அளவு கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அப்படியே ஓட்டினார், பேரிங் போயிற்று. இந்த இரண்டில் எது தெரிந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

வெகுநாள் சில்லறை ஆயில் ஊற்றி ஓட்டிய பழைய எஞ்சினில் முதன்முறையாக நல்ல தரமான ஆயில் ஊற்றினால், அது உள்ளே படிந்த கசடையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும். அந்த முதல் தடவை மட்டும் பாதி மணிக் கணக்கிலேயே ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுவது நல்லது.

சரி, நல்ல எழுத்தும் சரியான எண்ணும் பார்த்து வாங்கிவிட்டோம். எந்தக் கம்பெனி? இந்தியன் ஆயிலின் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தின் மேக், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் எச்.பி. ஆகிய பொதுத்துறை ஆயில்களும் உண்டு. தனியார் ஆயில்களும் உண்டு. டிராக்டர் கம்பெனியே தன் பெயர் போட்டு விற்கும் ஆயிலும் உண்டு. எண்ணும் எழுத்தும் ஒன்றாக இருந்தால் இவற்றுக்குள் பெரிய பேதம் பார்க்க வேண்டியதில்லை என்றே நான் சொல்வேன். கியாரண்டி காலம் முடியும் வரை மட்டும் கம்பெனி சொன்னதையே ஊற்றி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். இரட்டை விலையில் விற்கும் செயற்கை ஆயில் நம் சின்ன டிராக்டருக்குத் தேவையில்லை. ஆயிலோடு கலக்கச் சொல்லி விற்கும் சிறு புட்டிகளும் தேவையில்லை. ஆயிலில் போட வேண்டிய மருந்தை அதைச் செய்தவர்களே அளவாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் சி.எப்.-4 ஆயிலுக்கும் சி.ஐ.-4 ஆயிலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்துத் தயங்குவது கணக்குத் தெரியாத தயக்கம். லிட்டருக்கு 100 ரூபாய் கூடினாலும் நான்கு லிட்டருக்கு 400 ரூபாய். வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ஆகும் செலவு. ஒரு மணி நேர உழவு வாடகைக்குக்கூட அது காணாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பகுதியில் சின்ன டிராக்டர் எஞ்சின்கள் அகாலத்தில் தேய்வதற்கு ஆயிலின் தரம் மட்டும் காரணம் அல்ல. பெரிய எதிரி புழுதி. கோடையிலும் ஆடிக் காற்றிலும் செவல் காட்டில் ரோட்டவேட்டர் போட்டு ஓட்டிப் பாருங்கள். முன்னால் போகிற வண்டியே தெரியாது. எந்த எஞ்சினும் ஒரு லிட்டர் டீசலை எரிக்க ஆயிரக்கணக்கான லிட்டர் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றில் உள்ள மணல் தூள் இரும்பைவிடக் கடினமானது. ஏர் கிளீனரைத் தாண்டி அது உள்ளே போனால் லைனரையும் ரிங்கையும் அரம்போல் ராவும். பிறகு ஆயிலில் கலந்து பேரிங்குக்குப் போகும். ஆயில் பில்டர் பெரிய தூளைப் பிடிக்கும்; மிகப் பொடியானதைப் பிடிக்காது. உலகத்திலேயே உயர்ந்த ஆயிலை ஊற்றினாலும், புழுதி கலந்தால் அது அரைக்கும் சாந்துதான்.

ஆயில் தொட்டி வைத்த ஏர் கிளீனராக இருந்தால், புழுதி உழவு நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தால் கழுவிப் புது ஆயில் ஊற்றுங்கள், குறியிட்ட அளவுக்கு மட்டும். கூடுதலாக ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்துக்கொண்டு கட்டுக்கு அடங்காமல் ஓடும் அபாயம் உண்டு. எஞ்சினிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை இதில் ஊற்றுவது நம்மவர்களிடம் உள்ள சிக்கனம், வேண்டாம். காகித பில்டராக இருந்தால் டயரில் தட்டாதீர்கள். உள்ளேயிருந்து வெளியே மெதுவாகக் காற்று அடித்து, ஓட்டை இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்து மாட்டுங்கள். மிக முக்கியமாக, ஏர் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். கிளிப் தளர்ந்தோ, குழாய் கீறியோ இருந்தால் ஏர் கிளீனர் இருந்தும் இல்லாததுதான். பத்து ரூபாய் கிளிப்பைக் கவனிக்காமல் பிஸ்டன் செட்டுக்குச் செலவு செய்தவர்கள் உண்டு.

இப்போது ஆயுத பூஜை விஷயம். நம் சின்ன டிராக்டரின் ஒரு வருடத்தை எண்ணிப் பாருங்கள். ஆடியிலும் ஆவணியிலும் புழுதி உழவு. புரட்டாசியில் விதைப்பு. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மழை, இடையுழவு கொஞ்சம். தையிலும் மாசியிலும் அறுவடை, டிரெய்லர் ஓட்டம். அதோடு பெரும்பாலான வண்டிகள் பங்குனியிலிருந்து ஆனி வரை வேப்பமரத்தடியில் நிற்கின்றன. இந்தக் கணக்கில் ஆயுத பூஜைக்கு ஆயில் மாற்றினால் என்ன ஆகிறது? வருடத்திலேயே கடினமான புழுதி உழவைப் பழைய ஆயிலில் முடித்துவிட்டு, ஈர நிலத்தில் ஓடும் இலகுவான மாதங்களுக்குப் புது ஆயில் கொடுக்கிறோம். பிறகு கரியும் ஈரமும் அமிலமும் சேர்ந்த அதே ஆயிலோடு நான்கு மாதம் வண்டியை நிறுத்துகிறோம். நிற்கிற வண்டியில் ஆயில் சும்மா இருப்பதில்லை. அதில் சேர்ந்த அமிலமும் தண்ணீரும் பேரிங்கையும் லைனரையும் மெல்ல அரிக்கின்றன.

முன்னே டீசலில் கந்தகம் அதிகம். நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கலாம் என்று விதி இருந்தது. அது எரிந்து அமிலமாகி ஆயிலைக் கெடுத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பத்து லட்சத்தில் 10 பங்குதான் கந்தகம் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. ஆகவே அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது உண்மை. அதனால் ஆயிலை இன்னும் அதிக நாள் ஓட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சின்ன டிராக்டருக்கு அதை நான் ஒப்பமாட்டேன். நாம் அந்த வண்டியை மோட்டார் சைக்கிள்போல் பயன்படுத்துகிறோம். தோட்டத்துக்குப் போய்ப் புல்கட்டு எடுத்துவர ஐந்து நிமிடம், தண்ணீர்த் தொட்டி இழுக்கப் பத்து நிமிடம். எஞ்சின் முழுச் சூடு ஏறும் முன்பே நிறுத்திவிடுகிறோம். எரிந்த டீசலிலிருந்து வரும் நீராவி வெளியேறாமல் ஆயிலில் தங்குகிறது. இந்த ஓட்டம் ஹவர் மீட்டரில் பத்து மணி நேரம்கூடக் காட்டாது; ஆயிலுக்கோ அதுவே கடின ஓட்டம்.

ஆகவே என் யோசனை இதுதான். மாசியில் அறுவடை வேலை முடிந்ததும், வண்டியை நிறுத்துவதற்கு முன்பே, எஞ்சின் சூடாக இருக்கும்போது பழைய ஆயிலை இறக்கிவிட்டு, பில்டரையும் மாற்றிப் புது ஆயில் ஊற்றுங்கள். அதில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கோடையில் மாதம் ஒருமுறை கிளப்பினால், இரண்டு நிமிடத்தில் அணைக்காமல் நன்றாகச் சூடேறும் வரை ஏதாவது வேலை கொடுங்கள். ஆடியில் புழுதி உழவுக்கு இறங்கும்போது உங்கள் வண்டியில் ஏறக்குறையப் புது ஆயில்தான் இருக்கும். அதன் பிறகு மணிக் கணக்கு. பல புத்தகங்களில் முதல் மாற்றம் 50 மணியிலும், அடுத்தடுத்த மாற்றங்கள் 200 அல்லது 250 மணியிலும் இருக்கும். உங்கள் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுவே சட்டம். வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு அந்த மணி ஆயுத பூஜைக்கு முன்பே வந்துவிடலாம். வந்தால் நாள் பார்க்காமல் மாற்ற வேண்டியதுதான். மணியே எட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றம் கட்டாயம். ஹவர் மீட்டர் ஓடாத வண்டிகள் நம்மிடம் ஏராளம். காலண்டரில் தினமும் ஓடிய நேரத்தைக் குறித்து வைத்தாலே போதும். வீட்டுப் பிள்ளைகள் கூட்டிச் சொல்லிவிடுவார்கள்.

ஆயுத பூஜைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அன்றைக்கு ஏர் கிளீனரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பர் குழாயையும் கிளிப்பையும் சோதித்து, ரேடியேட்டர் கண்ணில் அடைந்த தூசியைக் கழுவி, கிரீஸ் அடித்துப் பூஜை போடுங்கள். புழுதி உழவு முடிந்த வண்டிக்கு அந்த நேரத்தில் வேண்டியது அதுதான்.

எஞ்சினை விட்டுச் சற்று விலகி ஓர் எச்சரிக்கை. எஞ்சினுக்கு வாங்கிய ஆயிலில் மீதியைக் கியர் பெட்டியிலும் ஹைட்ராலிக்கிலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிலில் மூழ்கி வேலை செய்யும் பிரேக் உள்ள டிராக்டர்களில் இது ஆகாது. பிரேக் பிடிக்காமல் வழுக்கலாம், அல்லது உதறலாம். அதற்கென்று தனி ஆயில் உண்டு. குளத்துக் கரையில் இறங்கும்போது பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வாங்கும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். மூடி திறந்த டிரம்மிலிருந்து அளந்து தருவதை வாங்காதீர்கள். அதில் இருப்பது என்ன எழுத்து, என்ன எண் என்று சொல்பவரும் இல்லை, பில்லும் இல்லை. கழிவு ஆயிலை வடிகட்டி, நிறம் ஏற்றி வருவதும் அதில் உண்டு. சீல் உடையாத டப்பா, தயாரித்த தேதி, பேட்ச் எண், கடை பில் ஆகிய நான்கையும் பார்த்து வாங்குங்கள். ஊற்றி முடித்த டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். நல்ல டப்பாவைப் பழைய சாமான்காரரிடம் போட்டால், அதுவே வேறு ஆயிலோடு திரும்பி வரக்கூடும். இறக்கிய ஆயிலைக் கிணற்றோரத்தில் கொட்டுவது, ஆடு மாடுகளின் புண்ணுக்குத் தடவுவது இரண்டும் கெடுதி. கேனில் பிடித்து வைத்துப் பதிவு பெற்ற கழிவு எண்ணெய் சேகரிப்பாளரிடமோ, அவரோடு தொடர்புள்ள பட்டறையிலோ கொடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் விவசாயி ஏன் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதே என் மனக்குறை. பல லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு டிராக்டரைக் கொடுக்கிறார்கள். கூடவே கொடுக்கும் புத்தகம் பல நேரங்களில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அது பாலித்தீன் உறையோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. ஆயில் அளவுக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு தகடு. அதில் தமிழில் ஆயிலின் எண், எழுத்து, எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று நான்கு விஷயம். கம்பெனிக்கு இதில் என்ன பெரிய செலவு? மானியம் கொடுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை, இந்தத் தகடு இல்லாத வண்டிக்கு மானியம் இல்லை என்று சொன்னால் ஒரே வருடத்தில் எல்லா வண்டியிலும் வந்துவிடும். மாசி மாதத்தில் ஒன்றிய அலுவலக வளாகத்தில் ஒரு நாள் முகாம் வைத்து, விவசாயிகள் முன்னிலையில் ஆயிலையும் பில்டரையும் மாற்றிக் காட்டினால் இன்னும் நல்லது. அதுவரை, புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு அந்த நான்கு விஷயத்தையும் படிக்கச் சொல்லி, டிராக்டரின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்ட்டால் எழுதி வையுங்கள்.